துணி போகிற வழியில் மெனு: பனியன் கம்பெனி மென்பொருளை மாற்றி அமைத்த பதிவு

திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி ஓரிடத்தில் நிற்பதில்லை. நூலாக வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். துணியாக வந்ததும் சாயத்துக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் பதப்படுத்துவது), அப்புறம் கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் நிறைய வேலை வெளியே நடக்கிற ஜாப் ஒர்க், அதாவது வெளிப் பட்டறைகளில் கூலிக்குச் செய்து வாங்குவது. சரக்கு கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு டிசி (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு), திரும்பி வரும்போது ஒரு இன்வேர்டு (வரவுப் பதிவு). நான் பார்த்துக்கொள்ளும் வெப் அப்ளிகேஷன் இந்தப் போக்குவரத்தைத்தான் கணக்கு வைக்கிறது. அதன் மெனுவை அடியோடு மாற்றினோம். இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

பழைய மெனு மேலே நீளமான ஒரு பட்டை: மாஸ்டர், டிரான்ஸாக்‌ஷன், ரிப்போர்ட், யூட்டிலிட்டி, அட்மின். மவுஸை வைத்தால் கீழே விரியும், அதிலிருந்து பக்கவாட்டில் இன்னொன்று விரியும், சில இடங்களில் அதற்குள்ளும் ஒன்று. டேட்டாபேஸில் டேபிள்கள் எப்படிப் பிரிந்திருந்தனவோ அதே பிரிவுதான் மெனுவிலும். பார்ட்டி விலாசம் மாதிரி நிலையான விவரம் மாஸ்டரில், பார்ட்டிக்குப் போட்ட டிசி டிரான்ஸாக்‌ஷனில், அந்த டிசியில் எவ்வளவு திரும்பி வந்தது என்பது ரிப்போர்ட்டில். புரோகிராம் எழுதுகிறவருக்கு இது தெளிவான அமைப்பு. டையிங்குக்குத் துணி ஏற்றுகிறவருக்கோ ஒரே காரியத்தின் மூன்று துண்டுகள் மூன்று மூலையில் கிடக்கின்றன.

முதலில் லாக்கைப் பார்த்தோம். ஒரு மாதத்து என்ஜின்எக்ஸ் அக்சஸ் லாக்கை, அதாவது பக்கங்கள் திறக்கப்பட்டதை வெப் சர்வர் எழுதி வைக்கும் பதிவை எடுத்து, எந்தப் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது, எங்கிருந்து வந்தார்கள் என்று பிரித்தோம். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, திறப்புகளில் பெரும்பகுதி ஏழெட்டுப் பக்கங்களுக்கே போகிறது. மெனுவில் இருந்த மீதிப் பக்கங்களில் பலவற்றை அந்த மாதம் யாரும் தொடவே இல்லை. இன்னொன்று, அதிகம் பயன்படும் பக்கங்களுக்கு வந்த கோரிக்கைகளில் நிறைய, ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பு) இல்லாமல் வந்தவை. அதாவது மெனு வழியாக வரவில்லை. புக்மார்க் போட்டு வைத்து நேராக வருகிறார்கள். பில்லிங் செக்‌ஷனில் போய்ப் பார்த்தால் மானிட்டர் ஓரத்தில் முகவரிகளை எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள். மெனுவை நம்புவதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

லாக் எண்ணிக்கையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு செக்‌ஷனிலும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வேலை செய்வதைப் பேசாமல் பார்த்தோம். குடோன் அண்ணன் ஒருவர் இன்வேர்டு போட டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து, மேலும் கீழும் தேடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, துணி வந்துருச்சுன்னு போடறதுக்கு இத்தன கதவு எதுக்குங்க? வண்டி வாசல்ல நிக்குது, டிரைவர் சத்தம் போடறான். போனது, வந்தது. எனக்கு இது ரெண்டுதானுங்க வேணும்." அந்த 'போனது, வந்தது' என்பதைச் சுற்றித்தான் பின்னால் முழு மெனுவும் அமைந்தது.

அடுத்தது சீட்டு அடுக்கும் சோதனை. பக்கங்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, 'எது எதோடு சேரும், நீங்களே அடுக்குங்கள்' என்று விடுவது. கம்பெனியில் சீட்டுக்குப் பஞ்சமில்லை. கேன்சல் ஆன ஆர்டரின் ஹேங் டேக் (ஆடையில் தொங்கவிடும் அட்டை) கட்டுக்கட்டாகக் கிடந்தது, பின்பக்கம் வெறும் வெள்ளை. ஒரு டேக்குக்கு ஒரு பக்கம் என்று எழுதினோம். யாரும் தொடாத பக்கங்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டோம். இல்லாவிட்டால் கட்டு பெரிதாகி அடுக்குகிறவர்கள் களைத்துப் போவார்கள். மெர்ச்சண்டைசர் (ஆர்டரை ஆரம்பம் முதல் முடிவு வரை பின்தொடர்கிறவர்), கட்டிங் மாஸ்டர், குடோன், பேக்கிங், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடுக்கச் சொன்னோம். கூட்டமாக உட்கார வைத்தால் பெரிய பொறுப்பில் இருப்பவர் சொல்வதே எல்லோருடைய அடுக்கும் ஆகிவிடும்.

எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. நூலில் தொடங்கிப் பேக்கிங்கில் முடியும் வரிசைதான் இயல்பான மெனு, எல்லோரும் அப்படியே அடுக்குவார்கள் என்று. மெர்ச்சண்டைசர்களும் கட்டிங் மாஸ்டரும் ஏறக்குறைய அப்படித்தான் அடுக்கினார்கள். ஆனால் குடோனில் அது எடுபடவில்லை. நிட்டிங் டிசி, டையிங் டிசி, பிரிண்டிங் டிசி எல்லாவற்றையும் அவர்கள் ஒரே குவியலாகப் போட்டார்கள். அவர்களுக்கு எந்தப் பட்டறை என்பது இரண்டாவது கேள்வி. வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா என்பதே முதல் கேள்வி. அக்கவுண்ட்ஸ் வேறு திசை: பில் எல்லாம் ஒன்று, வரி எல்லாம் ஒன்று. பேக்கிங் அக்கா பார்கோடு ஸ்டிக்கரைத் தூக்கிப் பேக்கிங் லிஸ்ட்டோடு வைத்தார். பழைய மெனுவில் அது மாஸ்டருக்குள் இருந்தது.

எல்லோருடைய அடுக்கும் அவரவர் வேலைக்குச் சரி. அப்படியானால் ஆளுக்கொரு மெனு கொடுத்துவிடலாமே என்ற யோசனை வந்தது. அதை நான் கடுமையாக எதிர்த்தேன். பனியன் கம்பெனியில் மென்பொருள் கற்றுக்கொள்வது பக்கத்து ஆளிடம் கேட்டுத்தான். 'இடது பக்கம் மூணாவத அழுத்துங்க, அதுல ரெண்டாவது' என்று போனில் சொல்லித்தான் பாதி வேலை நகர்கிறது. ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார். அங்கே மெனு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருந்தால் இந்தச் சொல்லிக்கொடுத்தல் முழுதும் உடைந்துவிடும். அதிகம் பயன்படுத்துவதைத் தானாக மேலே கொண்டுவரும் மெனுவுக்கும் இதே குறைதான். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2000-ல் குறைவாகப் பயன்படும் கட்டளைகளைத் தானாக மறைக்கும் மெனு வந்தது. பழகிய இடத்தில் பழகிய சொல் இல்லாமல் போன எரிச்சல் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களுக்கு நினைவிருக்கும். 2007-ல் ரிப்பன் வந்தபோது வேர்டிலும் எக்ஸெலிலும் அந்த முறையே போய்விட்டது.

அதனால் இப்படி முடிவு செய்தோம். தலைப்புகளும் அவற்றின் வரிசையும் எல்லோருக்கும் ஒன்றே. அனுமதி இல்லாத பக்கம் கண்ணில் படாது, ஆனால் இருப்பவற்றின் வரிசை மாறாது. ஆர்டர், நூல்–துணி, ஜாப் ஒர்க், உற்பத்தி, பேக்கிங், கணக்கு என்று ஆறு தலைப்புகள் இடது பக்கம் செங்குத்தாக. கீழே தனியாக அமைப்புகள். மாஸ்டர் என்ற தலைப்பே போய்விட்டது. பார்ட்டி விலாசம் ஜாப் ஒர்க்கிலும், ஸ்டைல் விவரம் ஆர்டரிலும் போய்ச் சேர்ந்தன. ரிப்போர்ட் தலைப்பையும் எடுத்துவிட்டோம். ஒரு பட்டியலும் அதன் ரிப்போர்ட்டும் ஒரே பக்கத்தில், மேலே தேதி வடிகட்டியோடு இருந்தாலே போதும்.

ஆறு என்ற எண்ணுக்கு விசேஷக் காரணம் கிடையாது. மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பலர் சொல்வார்கள், அதற்கு ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய கட்டுரையை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தக் கட்டுரை பேசியது மனத்தில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களைப் பிடித்து வைக்கலாம் என்பதைப் பற்றி. மெனு கண் முன்னால் இருக்கிறது, எதையும் மனத்தில் வைத்திருக்கத் தேவையில்லை. ஜாப் ஒர்க் தலைப்புக்குள் மட்டும் ஏழைத் தாண்டித்தான் இருக்கின்றன. தேடுகிறவர்கள் தடுமாறவில்லை, ஏனென்றால் சேர்ந்து இருக்க வேண்டியவை சேர்ந்து இருக்கின்றன.

ஜாப் ஒர்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி விழும். ஜாப் ஒர்க்குக்குப் போனதையும் வந்ததையும் ஜிஎஸ்டிக்குக் காட்டும் ஐடிசி-04 படிவத்துக்கும் இந்தக் கணக்கு வேண்டும். அதைவிட அன்றாடத் தலைவலி வேறு: 24 ரோல் சாயத்துக்குப் போய் 22 திரும்பினால், மீதி இரண்டு எங்கே என்பது கட்டிங் தொடங்கும் முன் தெரிய வேண்டும். இதைக் காட்டும் நிலுவைப் பட்டியல் பழைய மெனுவில் ரிப்போர்ட்டுக்குள் மூன்றாவது அடுக்கில் கிடந்தது. புது மெனுவில் ஜாப் ஒர்க்கின் முதல் வரி அதுதான், பக்கத்திலேயே நிலுவை டிசிகளின் எண்ணிக்கையோடு. அதற்குக் கீழே 'போனது', 'வந்தது'. எந்தப் பட்டறை என்பதை உள்ளே போய் ஒரு தேர்வுப் பெட்டியில் தேர்ந்தெடுத்தால் போதும்.

இந்த அமைப்பை ஸ்கிரீனில் கட்டும் முன், வெறும் தலைப்புகளைத் தாளில் எழுதிக் கேட்டுப் பார்த்தோம். 'பெருந்துறைக்குப் போன துணியில் எவ்வளவு வந்திருக்கு, பார்க்கணும். எதை அழுத்துவீங்க?' பதில் சொன்னதும் அந்தத் தலைப்பின் உள்வரிகள் இருக்கும் அடுத்த தாளைக் காட்டுவது. வடிவம், நிறம், ஐகான் எதுவும் இல்லாமலே எந்தப் பெயர் குழப்புகிறது என்று இதில் தெரிந்துவிடும். உற்பத்திக்குள் இருந்த சாம்பிளை எல்லோரும் ஆர்டரில் தேடினார்கள். ஒரு வரி நகர்த்தினோம், முடிந்தது. கட்டிய பிறகு இதையே செய்திருந்தால் அனுமதி, முகவரி, உள்ளிணைப்பு என்று எல்லாம் திருத்த வேண்டியிருக்கும்.

சில பக்கங்கள் இரண்டு தலைப்பிலும் பொருந்தும். லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரித் துண்டு) அப்ரூவல் ஆர்டருக்கும் சொந்தம், சாயத்துக்கும் சொந்தம். மெனுவில் ஒரு பக்கத்துக்கு ஓர் இடம்தான் என்று வைத்துக்கொண்டோம். மற்ற இடத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பக்கத்துக்குள்ளேயே இணைப்பு கொடுத்தோம். ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் மேலே நூல் முதல் பேக்கிங் வரை நிலைகள் வரிசையாக இருக்கும், எதை அழுத்தினாலும் அந்த ஆர்டருக்குரிய பக்கம் வரும். மெர்ச்சண்டைசர்கள் கேட்ட வரிசை இங்கே கிடைத்துவிட்டது. டிசி சேமித்ததும் சரக்கு மதிப்பைப் பார்த்து, தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் அங்கேயே ஈ-வே பில் (சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜிஎஸ்டி கேட்கும் மின்னணுச் சீட்டு) பொத்தான் தெரியும். தேடிப் போக வேண்டியதில்லை.

சரி, இனி கட்டிய விதம். மவுஸ் வைத்தால் விரிவதை முதலில் நீக்கினோம். அடுக்கு மெனுவில் மவுஸைக் குறுக்காக நகர்த்தினால் நடுவில் இருக்கும் இன்னொரு வரி விரிந்து, போக வேண்டியது மூடிக்கொள்ளும். குடோனில் போனில் பார்க்கிறவர்களுக்கு மவுஸே கிடையாது. இப்போது எல்லாம் அழுத்தினால் திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடும், எஸ்கேப் விசைக்கும் மூடும். ஹெச்டிஎம்எல்லில் மெனுப் பகுதியைக் குறிக்கும் நேவ் டேகுக்குள் சாதாரணப் பட்டியல், தலைப்புகள் பட்டன்கள், திறந்திருக்கிறதா என்று ஸ்கிரீன் ரீடருக்கு (பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) சொல்ல ஏரியா-எக்ஸ்பேண்டட், நிற்கும் பக்கத்துக்கு ஏரியா-கரண்ட். ரோல் மெனு (role=menu) என்ற குறிப்பை வேண்டுமென்றே போடவில்லை. அதைப் போட்டால் ஸ்கிரீன் ரீடர் இதை டெஸ்க்டாப் புரோகிராமின் மெனுவாக எடுத்துக்கொள்ளும். பயன்படுத்துகிறவர் அம்புக்குறி விசைகளால் நகர முடியும் என்று எதிர்பார்ப்பார். பக்கங்களுக்குப் போகும் இணைப்புப் பட்டியலுக்கு அது தேவையில்லை.

தமிழ் லேபிள்கள் தனி வேலை கேட்டன. பழைய சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் கட்டளைகள்) ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. லெட்டர் ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி) கொடுத்திருந்ததால் தமிழ் எழுத்துகள் ஒன்றை ஒன்று விட்டு விலகி நின்றன. லைன் ஹைட் (வரியின் உயரம்) குறைவாகவும், வழிவதை மறைக்கும் கட்டளையோடும் இருந்ததால் 'நூல்' என்பதில் கீழே சுழியும் பகுதி வெட்டுப்பட்டது. முதலாவதைப் பூஜ்யமாக்கி, இரண்டாவதை 1.5 ஆக்கினோம். நீளமான பெயரை மூன்று புள்ளி போட்டு வெட்டாமல் இரண்டாம் வரிக்கு இறங்க விட்டோம். மெனு பெயர் பாதியில் வெட்டுப்படுவதைவிடக் கொஞ்சம் உயரம் கூடுவது எவ்வளவோ மேல்.

போனில் ஸ்கிரீனின் கீழே ஒரு பட்டை: ஆர்டர், போனது, வந்தது, மற்றவை. மூன்று கோடு ஐகானுக்குள் எல்லாவற்றையும் அடைப்பதை நான் ஏற்கவில்லை. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த ஐகான் அது. அத்தனை பழசாக இருந்தும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று அழுத்திப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. 'மற்றவை' என்று எழுத்திலேயே வைத்தோம். அழுத்தும் இடத்தின் உயரம் 48 பிக்சல். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (வெப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான வழிகாட்டி) குறைந்தபட்சமாக 24 பிக்சல் கேட்கிறது, அதைவிடக் கடுமையான நிலைக்கு 44. ஒரு கையில் துணி ரோலைப் பிடித்துக்கொண்டு மறு கைக் கட்டைவிரலால் அழுத்துகிறவருக்கு 24 போதாது. பட்டை ஐபோனின் அடிக்கோட்டில் மோதாமலிருக்க சேஃப் ஏரியா அளவைச் சேர்த்தோம். 'மற்றவை' திறக்கும் பலகையின் உயரத்தை 100 விஎச் (முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது உள்ள முழு உயரம்) என்பதிலிருந்து 100 டிவிஎச் (அந்த நேரத்தில் தெரியும் உயரம்) ஆக்கினோம். முன்பு பிரவுசரின் முகவரிப் பட்டை தெரியும்போது கடைசி வரி திரைக்குக் கீழே போய் மறைந்துவிடும்.

அக்கவுண்ட்ஸ் தரப்பின் கோரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய கை அது: எஃப்5 பேமெண்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். மவுஸ் பக்கமே போகாமல் வேலை முடிக்கிறவர்கள். "அதே மாதிரி கீ குடுத்துருங்க தம்பி" என்றார்கள். பிரவுசரில் எஃப்5 பக்கத்தைப் புதுப்பிக்கும், எஃப்6 முகவரிப் பட்டைக்குப் போகும். அவற்றைப் பிடுங்கிக்கொள்வது வம்பு: இங்கே பழகிய கை, பாதி நிரப்பிய பில்லோடு வேறு தளத்தில் எஃப்5 அழுத்தினால் எல்லாம் போய்விடும். அதனால் சாய்கோடு விசையை அழுத்தினால் ஒரு தேடல் பெட்டி திறக்கும்படி செய்தோம். இரண்டு மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டினால் அந்தப் பக்கம். ஆர்டர் எண்ணை அடித்தால் நேராக அந்த ஆர்டர். இன்று அக்கவுண்ட்ஸில் மெனுவைக் கண்ணால் பார்க்கிறவர்களே குறைவு.

தேடலுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றுப் பெயர்கள் சேர்த்தோம். டையிங், சாயம், சாயப்பட்டறை எதை அடித்தாலும் ஒரே இடம். இங்கே யூனிகோடில் ஒரு கண்ணி இருக்கிறது. 'கோன்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். தேடுவதையும் தேடப்படுவதையும் முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோட் முறை) மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு.

பக்கங்களின் முகவரிகளும் மாறின. ஒட்டி வைத்த சீட்டுகளும் புக்மார்க்குகளும் செல்லாமல் போகக் கூடாது என்பதால் பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பினோம். ஆரம்பத்தில் 302 (தற்காலிகத் திருப்பல்) தான் கொடுத்தோம். 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுத்தால் பிரவுசர் அதை நிரந்தரமாக எடுத்து நினைவில் வைத்துக்கொள்ளும், பின்னால் இடத்தை மாற்றினால் ஒவ்வொரு கணினியிலும் கேஷ் அழிக்க வேண்டிவரும். அமைப்பு உறுதியான பிறகே 301.

எந்த நாளில் மாற்றுவது என்பதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை வாரச் சம்பளம், அன்று யார் கையிலும் புதுசு எதையும் கொடுக்கக் கூடாது. மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள்கள். ஆகவே 20 தாண்டி, மாதக் கடைசி ஷிப்மெண்ட் நெருக்கடிக்கு முன்னால் வரும் ஒரு திங்கட்கிழமை. முதலில் குடோனுக்கு மட்டும் திறந்தோம், அடுத்து மெர்ச்சண்டைசிங், கடைசியில் அக்கவுண்ட்ஸ். 'பழைய மெனு' என்று ஓர் இணைப்பை மூலையில் வைத்திருந்தோம். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் ஆட்கள் பதறாமல் பழகுவார்கள். அதை அழுத்துகிறவர்கள் யார், எந்தப் பக்கத்தைத் தேடி அழுத்துகிறார்கள் என்று லாக்கில் கவனித்து, அந்தப் பக்கங்களுக்கு மாற்றுப் பெயர்களைக் கூட்டினோம்.

பேக்கிங் அக்காவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ஸ்டிக்கரு எங்கன்னு இப்பெல்லாம் ஆருங் கேக்கறதில்லீங்க" என்றார்.

மெனு முழுவதும் இப்போது ஒரே ஜேசன் (JSON, தகவலை அடுக்கி வைக்கும் எழுத்து வடிவம்) கோப்பில் இருக்கிறது: பக்கத்தின் சாவி, முகவரி, யாருக்கு அனுமதி, மாற்றுப் பெயர்கள், மொழிவாரியாக லேபிள். கூடவே ஒரு சோதனை எழுதியிருக்கிறோம். அப்ளிகேஷனில் உள்ள எந்தப் பக்கமும் இந்தக் கோப்பிலோ, 'மெனுவில் வேண்டாம்' என்ற பட்டியலிலோ இல்லாவிட்டால் புது வெளியீடு போகாது. இனி யாரும் ஒரு பக்கத்தை எழுதிவிட்டு, இடம் யோசிக்காமல் ஏதோ ஒரு தலைப்பின் அடியில் செருகிவிட்டுப் போக முடியாது.

மிச்சம் இருப்பது இந்தி லேபிள்கள். செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், சிலர் இப்போது பீஸ் கணக்கைத் தாங்களே போனில் பதிகிறார்கள். அகராதியைப் பார்த்து எழுதாமல் அவர்களோடு உட்கார்ந்து, டேபிளில் அவர்கள் பேசும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். உற்பத்தித் தலைப்பு முடிந்துவிட்டது. பேக்கிங் அடுத்த வாரம்.